வாட்டுக்கு நூற்றைம்பது

வாட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று
வாயைக் கொடுத்தது நான்தான்.
ஆம்ப்ளிஃபயரை யாரும் அப்படி விற்பதில்லை.
மீனை நிறுத்து விற்கிற ஊர்,
பழக்கத்தில் வந்துவிட்டது.

நூறு வாட், பதினைந்தாயிரம்.
சரி என்றார் புஷ்கலா.
கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
மொட்டைமாடியில் ஏழு மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பி இழுத்து
புயல் நாட்களில் காரைக்காலோடு பேசுகிறவர்.
ஐப்பசிக்குள் வேண்டும், அவ்வளவுதான்.

முதுநகர் மணிக்கூண்டுக்குப் பின்னால் என் பட்டறை.
உப்பனாற்று ஈரம் கனெக்டருக்குள் போய்ப் பச்சை பூக்கும்.
சாவியை அழுத்தினேன்.
என் குறுக்குமுள் மீட்டரில்
இரண்டு முள்ளும் வெட்டிக்கொண்ட இடம்
அச்சடித்த மாதிரி நூறு.
"பாத்தீங்களா?"
"இது எதைப் பாத்து நூறுன்னு கத்துக்கிச்சு?"
இருபது வருடமாய் நான் அதைக் கேட்டதே இல்லை.

பையிலிருந்து கல்லூரி மீட்டரை எடுத்தார்,
கட்டை சொருகித் திருப்புகிற வகை, கனமான பெட்டி.
எண்பது.
எனக்குக் காது சூடானது.
அவரே சொன்னார்:
"இதையும் நம்பாதீங்க.
கட்டை இருநூத்தம்பதுக்கானது,
முழு அளவுல அஞ்சு சதம் பிசகும்.
பன்னிரண்டரை வாட், மேலயும் கீழயும்."
அப்படியானால் எண்பது என்பது ஒரு தெரு.
அதில் எந்த வீடு என்று
அதற்கே தெரியாது.

அலைகாட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.
உச்சி தொண்ணூற்றைந்து வோல்ட், சுமை ஐம்பது ஓம்,
கணக்குக்குத் தொண்ணூறு வாட்.
ப்ரோபின் தரைக்கம்பி ஒரு சாண் நீளம்.
கையை அருகே கொண்டுபோனால்
அலை கொஞ்சம் வளர்ந்தது,
கூச்சப்படுகிற பிள்ளை மாதிரி.
அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

நூறு, எண்பது, தொண்ணூறு.
டீ ஆறிப்போனது.

பிறகுதான் பெயிண்ட் டப்பா.
இரண்டு லிட்டர் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்,
அதில் மூழ்கிய ஐம்பது ஓம் தடை,
மூடித் துளையில் வெப்பமானி.
முப்பத்தொன்றில் தொடங்கினோம்.
ஐந்து நிமிடம் சாவியை விடாமல் அழுத்தியிருந்தேன்,
கட்டைவிரல் மரத்தது.
முப்பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.

"இப்ப பேட்டரி வேணும்."
துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்,
படகெல்லாம் கரையில்.
சிங்காரத்தோப்பிலிருந்து கஸ்பார்
ஐந்து பேட்டரிகளை மீன்வண்டியில் ஏற்றிவந்தான்,
செதிலோடு.

எண்ணெய் ஆறும்வரை காத்திருந்தோம்.
மழை வந்து போனது.
மறுபடி முப்பத்தொன்று, மறுபடி ஐந்து நிமிடம்,
இம்முறை வெறும் டி.சி.
மலிவு மல்டிமீட்டரும் தைரியமாய்ச் சொல்லும் விஷயம்:
அறுபத்தைந்து வோல்ட், ஒன்றே கால் புள்ளிக்குச் சற்று மேல்,
ஒன்று புள்ளி மூன்று ஆம்பியர்.
அதே மயிரிழையில் போய் நின்றது பாதரசம்.

எண்பத்து நாலரை.
பக்கத்தில் 'ஒரு வாட் முன்பின்' என்றும் எழுதி
அடிக்கோடு போட்டார்.

நான் கடைசியாய் ஒன்று முயன்றேன்:
"நூறுக்கும் இதுக்கும் முக்கால் டெசிபெல்கூட இல்லீங்க.
காரைக்கால்ல காதுக்குத் தெரியவே தெரியாது."
"தெரியாதுதான்.
காசுக்குத் தெரியும்."
பன்னிரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து.
ஐந்து ரூபாய் நாணயம் உட்பட எண்ணி வைத்தார்.

இரவு கரண்ட் போனது.
குறுக்குமுள் மீட்டரை இருட்டில் தடவி
நூறு இருக்கும் இடத்தில்
பிளாஸ்திரி ஒட்டினேன்.
அது ஒன்றும் பொய் சொல்லவில்லை,
நான்தான் பிடித்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன்
என்று எழுத வருகிறது.
அதுவும் முழுக்கச் சரியில்லை.
டயோடு ஒன்று கெட்டிருக்கலாம்.

டப்பாமேல் கை வைத்தேன்.
இன்னும் வெதுவெதுப்பு.
முப்பத்தாறா, முப்பத்தைந்தா,
கைக்குத் தெரியவில்லை.